ராணுவ பாணி ரைஃபிளுக்கு ஸ்கோப் மவுண்ட்: எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கையில் ஏஆர்-15 ரக ரைஃபிள், 30 மி.மீ. குழாய் கொண்ட 1-6 பவர் ஸ்கோப் (ஒன்று முதல் ஆறு மடங்கு வரை பெரிதாகக் காட்டுவது) வாங்கியாகிவிட்டது, அதை ரைஃபிளில் பொருத்தும் மவுண்ட் விஷயத்தில் மட்டும் ஆளுக்கொரு ஆலோசனை. ஒருவர் லீவர் வைத்துக் கழற்றி மாட்டுவதுதான் வேண்டும் என்கிறார். இன்னொருவர் லீவர் எல்லாம் நாளடைவில் ஆடும், நட் வைத்து முறுக்குவதே மேல் என்கிறார். மூன்றாமவர், எல்லாம் அலுமினியத் துண்டுதானே, இருப்பதில் மலிவானதை எடு என்கிறார். இதில் எதை நம்புவது?

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை வைத்துத்தான் பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். மவுண்ட் போய் உட்காருகிற உலோகம் அசையாததா? அந்த உலோகத்தை மவுண்ட் எப்படிப் பிடிக்கிறது? இந்த இரண்டும் சரியாக இருந்து, மாட்டுகிறவர் ஒழுங்காக மாட்டினால், லீவரா நட்டா என்பது வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமே.

ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மவுண்டின் அடிப்பகுதி 100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனை 0.1 மி.மீ. மட்டும் தூக்கினால் கோணம் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 1 மில். 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும், 300 மீட்டரில் 30 செ.மீ. அந்த 0.1 மி.மீ. என்பது சாதாரண வெள்ளைத்தாள் ஒன்றின் கனம். கையால் ஆட்டிப் பார்த்து "ஆடவே இல்லை, கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வதற்கு இதனால்தான் மதிப்பில்லை. விரலுக்குத் தெரிகிற அளவு ஆடினால் அது எப்போதோ கெட்டுப்போன மவுண்ட்.

சரி, முதலில் உலோகம். ஏஆர் ரகத்தில் இது சுலபம். மேல் ரிசீவரும் (ரைஃபிளின் நடு உடல்) அதன் தலையில் இருக்கும் ரயிலும் (மவுண்ட் கவ்விப் பிடிக்கும், பள்ளம் வெட்டிய பட்டை) ஒரே துண்டு, குழல் அதே ரிசீவரில்தான் நட் வைத்து இறுக்கப்பட்டிருக்கிறது. எனவே மவுண்ட் முழுக்க முழுக்க ரிசீவர் ரயிலில் உட்கார வேண்டும். முன்னால் குழலைச் சுற்றிக் கை பிடிக்க இருக்கும் உறையான ஹேண்ட்கார்டின் ரயிலும் அதே உயரத்தில் ஒரே கோடாகத் தெரிவதால், ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளில் முன் ரிங்கை அங்கே, பின் ரிங்கை இங்கே என்று மாட்டுகிறவர்கள் உண்டு. அது கூடவே கூடாது. ஹேண்ட்கார்டு சூட்டில் விரியும், கை வைத்து அழுத்தினாலோ தடுப்பின் மேல் சாய்த்தாலோ வளையும், அந்த வளைவு நேராக ஸ்கோப் குழாய்க்குப் போகும். ஜீரோ (குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்து வைத்தது) போவதோடு நிற்காமல் ஸ்கோப்பும் சேதமாகலாம்.

ஆனால் ஸ்கோப்பின் கண்பக்கம் கண்ணிலிருந்து ஒன்பது பத்து சென்டிமீட்டரில் இருக்க வேண்டுமென்றால் ஸ்கோப் நன்றாக முன்னால் போக வேண்டியிருக்கும், அதற்கு ரிசீவர் ரயிலின் நீளம் பத்தாது. இந்தச் சிக்கலுக்குத்தான் இரண்டு ரிங்கும் ஒரே அடித்தட்டில் இருந்து, முன் ரிங் மட்டும் அடித்தட்டைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைத்துண்டு மவுண்ட்கள் வந்தன, கான்டிலிவர் என்று சொல்வார்கள். ஏஆர் மேல் 1-6 ஸ்கோப் என்றால் இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தனித்தனி ரிங்குகள் வேட்டை ரைஃபிளுக்கு நன்றாக இருக்கும், இங்கே வேண்டாத வேலை.

ஏகே வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். அதன் மேல்மூடி மெல்லிய தகடு. சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டிய பாகம், பின்பக்கம் ஸ்பிரிங் முனை ஒன்று பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். மூடியை விரலால் அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் நகர்வது கண்ணுக்கே தெரியும். அதன் மேல் ரயில் ஒட்டி, ரயில் மேல் எவ்வளவு தரமான மவுண்ட் மாட்டினாலும் என்ன பயன்? முன்பக்கம் கீல் வைத்து இறுக்கிப் பூட்டும் மூடிகள் வந்த பிறகு நிலைமை பரவாயில்லை, ரெட் டாட்டுக்கு (பெரிதாக்காமல் கண்ணாடியில் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் குறிபார்வைக்கு) போதும். ஆனால் உருப்பெருக்கும் ஸ்கோப் என்றால் ரிசீவரின் இடப்பக்கம் ரிவெட் அடித்திருக்கும் பக்கவாட்டு ரயில்தான் சரியான இடம், சோவியத் காலத்திலிருந்தே அதற்காகவே வைத்தது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில பக்கவாட்டு மவுண்ட்கள் மிகவும் தாழ்வாக வந்து மேல்மூடியை மறிக்கும், சுத்தம் செய்யும்போதெல்லாம் மவுண்டைக் கழற்ற வேண்டி வரும். லீவரின் இறுக்கத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் இந்த ரயில்கள் நாட்டுக்கு நாடு, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கொஞ்சம் மாறும்.

மற்ற பழைய ரைஃபிள்களிலும் கதை இதேதான், இடம் மட்டும் மாறும். எஃப்ஏஎல் ரைஃபிளில் மேல்மூடியையே கனமான ஒன்றாக மாற்றி ரயில் வைக்கிறார்கள், அந்த மூடி ரிசீவரை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம். ஜி3 ரகத்துக்கு ரிசீவரின் மேடுகளைக் கவ்விப் பிடிக்கும் நக மவுண்ட். எம்14 ரகத்துக்கு ரிசீவரின் இடப்பக்கத் திருகுத் துளையையும் அதன் பக்கத்துப் பள்ளத்தையும், கூடவே தோட்டா கிளிப் வைக்கும் இடத்தையும் பிடித்து நிற்கும் மவுண்ட், இருப்பதில் தலைவலி அதிகம் கொடுப்பது இதுதான். கைப்பிடி வைத்த பழைய எம்16 என்றால் கைப்பிடியின் மேல் மாட்டலாம், ஆனால் ஸ்கோப் அவ்வளவு உயரத்தில் போய் நிற்கும்போது கன்னத்துக்குப் பதிலாகத் தாடைதான் தோளில் வைக்கும் கட்டையில் படும்.

இனி பிடிப்பு. பிகாட்டினி ரயில் 1995-ல் அமெரிக்க ராணுவத் தரமாக வந்தது, மில்-ஸ்டாண்டர்ட் 1913 என்று பெயர். அதில் குறுக்குப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. அதற்கு முந்தைய வீவர் ரயிலில் பள்ளம் 4.57 மி.மீ. தான், இடைவெளிக்கும் நிலையான அளவு கிடையாது. வீவருக்கான மவுண்ட் பிகாட்டினியில் பெரும்பாலும் ஏறிவிடும், குறுக்கு போல்ட் மட்டும் பள்ளத்துக்குள் தளர்வாக நிற்கும். ஏறிவிட்டதாலேயே பொருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள்.

மவுண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். விளம்பரப் படத்தில் வராத பக்கம், ஆனால் பார்க்க வேண்டியது அங்கேதான். ரயிலின் சாய்ந்த ஓரத்தைக் கவ்வும் தாடை எவ்வளவு நீளம்? சின்னத் துண்டுகளாக இரண்டா, நீளமாக ஒன்றா? தாடையின் முகம் சமமாக அறுக்கப்பட்டிருக்கிறதா, வெட்டுக்கருவியின் தடம் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறதா? பள்ளத்துக்குள் இறங்கும் குறுக்குச் சட்டம் அடித்தட்டோடு சேர்த்தே கடைந்ததா, அல்லது இறுக்கும் போல்ட்டையே சட்டமாகவும் பயன்படுத்துகிறார்களா? சேர்த்துக் கடைந்த சட்டம்தான் எனக்குப் பிடிக்கும், பின்னுதைப்பின் சுமை அகலமான முகத்தில் விழும், போல்ட்டுக்கு இறுக்குகிற வேலை மட்டும் மிஞ்சும். இதைச் சரியாகச் செய்திருக்கும் மவுண்ட் பிரபலமில்லாத பெயரில் வந்தாலும் நான் எடுப்பேன்.

அலுமினிய ரகத்தைப் பற்றியும் பெரிய வாக்குவாதம் நடக்கும். 7075-டி6 கலவை 6061-டி6 கலவையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமை தாங்கிய பிறகுதான் வளையும், அது உண்மை. ஆனால் நன்றாகக் கடைந்த 6061 மவுண்ட், மோசமாகக் கடைந்த 7075 மவுண்டைவிட ஆயிரம் மடங்கு மேல். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: பெயர்பெற்ற மவுண்ட்களின் உருவத்தை அச்சு அசலாகக் காப்பியடித்து, ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிக்கென்று செய்யும் நகல்கள். அந்த விளையாட்டில் பின்னுதைப்பு இல்லையென்றே சொல்லலாம், அதனால் அதற்கு அவை போதும். உண்மையான ரைஃபிளில் மாட்டினால் திருகின் மரை உரிந்துவரும், ரிங்கின் வட்டம் வட்டமாகவே இருக்காது. கிடைக்கிற விலை நம்பவே முடியாத அளவு குறைவு என்றால் அது இந்த வகைதான்.

லீவரா நட்டா என்பதற்கு வருவோம். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், ஸ்கோப்பை எதற்குக் கழற்றப் போகிறீர்கள்? இரவுப்பார்வைக் கருவிக்கு மாற்ற, பெட்டிக்குள் கழற்றி வைக்க, ஸ்கோப் உடைந்தால் இரும்புப் பார்வைக்குறிக்குத் திரும்ப, இப்படி உண்மையான காரணம் இருந்தால் லீவர் எடுங்கள். "எப்போதாவது தேவைப்படலாம்" என்பது மட்டும்தான் காரணம் என்றால் நட் வைத்ததே போதும், எடை குறைவு, துணியிலோ வாரிலோ மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை, யாரோ விளையாட்டாகத் திறந்துவிடவும் முடியாது.

லீவர் ஆடும் என்ற புகார் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ரயில்களின் அகலம் எல்லாத் தயாரிப்பாளரிடமும் தரத்துக்குள் இருந்தாலும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. ஒரு ரயிலுக்குச் சரியாக இருந்த லீவர் இன்னொன்றில் லொடலொடவென்று இருக்கும், அல்லது இரண்டு கை போட்டாலும் மூடாது. நல்ல லீவர் மவுண்ட்களில் இந்த இறுக்கத்தைச் சரிசெய்ய ஒரு நட் இருக்கும். லாரூ, அமெரிக்கன் டிஃபென்ஸ் போன்றவர்கள் இதைக் கொடுக்கிறார்கள், போப்ரோ தானாகவே அகலத்துக்கேற்ப இறுகும் முறை வைத்திருக்கிறது. சரிசெய்ய வழியே இல்லாத லீவரை வாங்காதீர்கள். சரிசெய்யும்போதும் அளவு தெரிய வேண்டும்: கட்டைவிரலால் அழுத்தினால் பாதி தூரம் சுலபமாக வந்து, அதற்கு மேல் நன்றாகவே எதிர்த்து, கடைசியில் அழுத்தி மூட வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லதுதானே என்று இறுக்கினால், கழற்றும்போது ரயிலின் ஓரத்தில் கருப்புப் பூச்சு போய் வெள்ளையாக ஒரு பிறை வடிவத் தடம் விழுந்திருக்கும். அந்தத் தடம் விழ விழ இறுக்கமும் குறையும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. ஏஆர் ரைஃபிளின் கட்டை குழலின் நேர்கோட்டிலேயே பின்னால் வருவதால் கன்னம் உயரமாக நிற்கும், அதனால் வேட்டை ரைஃபிளின் தாழ்ந்த ரிங் இங்கே கழுத்தை ஒடிக்கும். ரயிலின் மேலிருந்து ஸ்கோப்பின் நடுவுக்கு 1.5 அங்குலம் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். இப்போது 1.93 அங்குலம் பிரபலம், தலையை நிமிர்த்தி நின்றே பார்க்கலாம், ஹெல்மெட்டும் இரவுப்பார்வைக் கருவியும் போடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. குறை என்னவென்றால், ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 8 செ.மீ. உயரத்தில் நிற்கும், மிகக் கிட்டத்து இலக்கில் குண்டு கிட்டத்தட்ட அவ்வளவும் கீழே படும். படுத்துச் சுடுகிறவர்களுக்கு 1.5 தான் சுகம். 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சாய்ந்த மவுண்ட்களையும் காட்டுவார்கள். அது 800, 1,000 மீட்டர் போகிறவர்களுக்கானது, 1-6 ஸ்கோப்புக்குச் சாய்வு இல்லாததையே எடுங்கள்.

இப்போது மாட்டுவது. மவுண்ட் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படுவதில் நிறைய, மாட்டியது சரியில்லாதவைதான் என்பது என் அபிப்பிராயம், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ரயிலையும் தாடையையும் ரிங்கின் உட்புறத்தையும் ஆல்கஹால் வைத்து எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள். மவுண்டை ரயிலில் வைத்து, இறுக்குவதற்கு முன் குழல் வாய் பக்கமாக முன்னால் தள்ளி, குறுக்குச் சட்டம் பள்ளத்தின் முன்சுவரில் போய் முட்டும்படி பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். காரணம் இருக்கிறது: சுடும்போது ரைஃபிள் பின்னால் போகிறது, கனமான ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, ஆகவே ரைஃபிளை வைத்துப் பார்த்தால் மவுண்ட் முன்னால்தான் நகரும். முன்கூட்டியே முட்டி நின்றால் நகர இடமில்லை. இதைச் செய்யாமல் விட்டால் முதல் சில குண்டுகளில் மவுண்ட் தானாக நகர்ந்து முட்டும், நீங்கள் அதற்கு முன் செய்த ஜீரோ வீண்.

முறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) இல்லாமல் தொடாதீர்கள். ரிங் திருகுகள் பெரும்பாலான அலுமினிய ரிங்குகளில் 15 முதல் 18 இன்ச்-பவுண்ட், அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். இது கையால் முறுக்குகிறவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. ரயிலைப் பிடிக்கும் நட்டுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டியிருக்கும், 65 இன்ச்-பவுண்ட் வரை போகிறவை உண்டு. உங்கள் மவுண்டின் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ரிங்கை அதிகமாக முறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே இருக்கும் நகரும் குழாயைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் டயலைத் திருப்பினால் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது, பழி மவுண்டின் மேலோ ஸ்கோப்பின் மேலோ விழும். திருகுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும், தயாரிப்பாளர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய.

லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நீலம் மட்டும், அதுவும் அடிப்பக்க நட்டுக்கு ஒரு துளி. ரிங் திருகில் ஈரமாகப் போட்டால் மரை வழுக்கி, அதே டார்க்கில் இறுக்கம் அதிகமாகிவிடும், தாளில் சொல்லாவிட்டால் போடாதீர்கள். சிவப்பு ரகம் வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டி வரும். ரிங்கின் உட்புறத்தைத் தேய்த்துச் சரிசெய்யும் பழைய பழக்கமும் ஒற்றைத்துண்டு மவுண்டுக்கு வேண்டாம், மேல்பூச்சுதான் போகும். தேய்த்தால்தான் சரியாகும் என்ற நிலையில் இருக்கும் மவுண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக ஒவ்வொரு திருகுத் தலையிலிருந்தும் மவுண்டின் உடலுக்கு பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். திருகு அசைந்தால் கோடு உடையும், பார்த்த உடனே தெரியும்.

ரெட் டாட் மட்டும் வைக்கப் போகிறவர்களுக்குக் கவலை குறைவு, எடை கம்மி, உருப்பெருக்கம் இல்லை. ஆனால் டாட்டுக்குக் கீழே ஒரு தட்டு, அதற்குக் கீழே உயர்த்தும் கட்டை, அதற்குக் கீழே லீவர் என்று அடுக்காதீர்கள், ஒவ்வொரு இணைப்பும் தளர ஒரு இடம். சரியான உயரத்தில் ஒரே துண்டாக எடுங்கள். டாட்டுக்குப் பின்னால் மடக்கி வைக்கும் மேக்னிஃபையர் வைத்திருந்தால் அதன் மவுண்டுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். குறி டாட்டில் இருக்கிறது, மேக்னிஃபையர் கொஞ்சம் ஆடினாலும் குண்டு படும் இடம் மாறாது. ரிங்கே வேண்டாம் என்கிற வழியும் உண்டு: அமெரிக்க மரைன் படை 2020-ல் தேர்ந்தெடுத்த டிரிஜிகான் 1-8 ஸ்கோப்பில் மவுண்ட் ஸ்கோப்பின் உடலிலேயே வந்து சேர்கிறது. குழாயும் ரிங்கும் சேரும் இடம் இல்லை, அங்கே வழுக்கும் பிரச்சினையும் இல்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாக: 30 மி.மீ., 1.5 அங்குல உயரம், சாய்வு இல்லாத, நட் வைத்த ஒற்றைத்துண்டு கான்டிலிவர். ஏரோ பிரிசிஷன் மாதிரி எளிமையானதே இந்த ரைஃபிளுக்குத் தாராளம். கடுமையாகப் புழங்கப் போகிறது, கீழே விழும் வாய்ப்புண்டு என்றால் கைஸ்லி, பேட்ஜர், ஸ்பூர் பக்கம் போங்கள். கழற்ற வேண்டிய உண்மையான தேவை இருந்தால் மேலே சொன்ன லீவர்காரர்கள்.

வாங்கியதைச் சோதிக்க, ஜீரோ செய்தபின் 10 குண்டுகள் ஒரே குறியில் சுட்டு நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். லீவர் மவுண்ட் என்றால் கழற்றி, அதே பள்ளத்தில் மாட்டி, இன்னொரு 10. மூன்று மூன்றாகச் சுட்டு ஜீரோ நகர்ந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், மூன்று குண்டின் நடுப்புள்ளி மவுண்ட் எதுவும் செய்யாமலேயே அங்குமிங்கும் போகும். உண்மையாகவே நகர்ந்திருந்தால் முதலில் பெயின்ட் கோடுகளைப் பாருங்கள், பிறகு ரிங் ஓரத்தில் ஸ்கோப் குழாய் வழுக்கிய கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இரும்புப் பார்வைக்குறியில் சுட்டுப் பாருங்கள். அதிலும் குண்டு சிதறினால் சந்தேகம் குழல் பக்கமோ தோட்டா பக்கமோ போகிறது. இரும்புக்குறி சரியாக நின்றால் அதே மவுண்டில் நம்பகமான வேறு ஸ்கோப்பை மாட்டிச் சுடுங்கள். அதுவும் நகர்ந்தால் மட்டும் மவுண்டைத் திருப்பி அனுப்புங்கள், நகராவிட்டால் அனுப்ப வேண்டியது உங்கள் பழைய ஸ்கோப்பை.